பிரேயஸ்: ஊரா, இடமா?

ரோமானியப் பேச்சாளர் சிசெரோவின் லத்தீன் கடிதங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இறங்கியதைச் சொல்லும்போது அவர் அந்தப் பெயருக்கு முன்னால் 'இன்' என்ற சொல்லைச் சேர்த்தது பிழைதானா? பிழையென்றால் அவரைப் போன்ற ஒருவர் ஏன் அதற்காக அத்தனை தூரம் வாதாடினார்? அந்தப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? 'இன்' பிழையில்லை என்பதும், ஆனால் அதற்கு அவர் காட்டிய காரணம் போதாது என்பதும் என் கருத்து. பிரேயஸ் எந்த வகையான ஊர் என்பதைப் பழங்காலத்தவரே தீர்த்துச் சொல்லவில்லை. அந்தத் தயக்கம் அந்தப் பெயரின் இலக்கணத்திலேயே படிந்து கிடக்கிறது. ஆகவே கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த சிலிசியா மாகாணத்தை ஆண்டுவிட்டு ஊர் திரும்பும் வழியில், கி.மு. 50 அக்டோபர் 14 அன்று சிசெரோ பிரேயஸில் கப்பலை விட்டு இறங்கினார். இறங்கிய உடனேயே அகாஸ்டஸ் என்ற அவருடைய அடிமை, நண்பர் அட்டிகஸ் எழுதிய கடிதத்தை அவர் கையில் கொடுத்தான். நெடுநாள் காத்திருந்து கிடைத்த கடிதம் மிகச் சிறியதாக இருப்பதைக் கண்டு வியந்த அவர், எப்போதும் மணிமணியாக இருக்கும் அட்டிகஸின் கையெழுத்து அன்று கலைந்து கிடப்பதையும் கவனித்தார். நண்பர் காய்ச்சலோடு எழுதியிருக்கிறார் என்பது பிறகு புரிந்தது. அடுத்த நாள் ஏதென்ஸிலிருந்து எழுதிய பதில் கடிதத்தை 'இன் பிரையெயா' என்ற சொற்களோடுதான் அவர் தொடங்கினார். 'பிரேயஸில் இறங்கியதும்' என்பது பொருள். அட்டிகஸ் அதைப் படித்துவிட்டு, செய்தியைப் பற்றிப் பேசியதோடு நிற்காமல் மொழியையும் திருத்தி எழுதியிருக்கிறார். டிசம்பரில் சிசெரோ எழுதிய நீண்ட கடிதத்தின் பெரும்பகுதி ரோமானியத் தளபதிகளான சீசருக்கும் பாம்பேயுக்கும் இடையே மூளவிருந்த போரைப் பற்றியது. அடுத்த மாதமே சீசர் ரூபிக்கான் ஆற்றைக் கடந்து அந்தப் போரைத் தொடங்கிவிட்டார். குடியரசு கவிழப்போகும் அந்த வேளையிலும், ஒரு துறைமுகத்தின் பெயருக்கு முன்னால் ஒரு சிறு சொல் வரலாமா என்ற கேள்விக்கு அவர் ஒரு பத்தியை ஒதுக்கினார். மொழியின் மீது அவர்கள் வைத்திருந்த அக்கறைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழில் படிக்கிறவருக்கு இந்தச் சிக்கலே கண்ணில் படாது. நாம் ரோமுக்குப் போகிறோம், இத்தாலிக்குப் போகிறோம், துறைக்குப் போகிறோம், சந்தைக்குப் போகிறோம். ஊரானாலும் நாடானாலும் வெறும் இடமானாலும் 'கு' என்ற ஒரே உருபு போதும். லத்தீனில் அப்படியில்லை. நகரங்களின் பெயரும் சிறு தீவுகளின் பெயரும் 'போதல்' பொருளில் வரும்போது முன்னால் எந்தச் சொல்லும் சேராமல், இரண்டாம் வேற்றுமை வடிவில் மட்டுமே நிற்க வேண்டும். ரோமுக்கு என்றால் 'ரோமாம்', ஏதென்ஸுக்கு என்றால் 'அதேனாஸ்', அவ்வளவுதான். நாட்டின் பெயரோ பொது இடத்தின் பெயரோ ஆனால் 'இன்' சேர வேண்டும். இத்தாலிக்கு என்பது 'இன் இத்தாலியாம்'. கப்பலிலிருந்து ஓர் ஊரில் இறங்குவதும் லத்தீனுக்குப் 'போதல்'தான். ஆகவே லத்தீன் எழுதுகிறவர் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லும்போதே அது நகரமா இல்லையா என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். 'இன்' போட்டால் நகரமில்லை, போடாவிட்டால் நகரம். அட்டிகஸ் கண்டித்ததன் உட்பொருள் இதுதான்: பிரேயஸ் ஒரு நகரம், அதற்கு 'இன்' எதற்கு?

சிசெரோவின் பதிலில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவதாக, தன் உண்மையான குற்றம் 'இன்' சேர்த்ததில்லை, ரோமானியனாக இருந்துகொண்டு 'பிரையும்' என்று எழுதாமல் 'பிரையெயா' என்று எழுதியதுதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நம்மவர் எல்லோரும் 'பிரையும்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர் வாக்கு. கிரேக்கப் பெயரின் கிரேக்க வேற்றுமை முடிவை அப்படியே லத்தீன் வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். இரண்டாவதாக, 'இன்' சேர்த்ததற்குக் காரணம், அதை நகரமாக எண்ணாமல் இடமாக எண்ணியதே என்கிறார். தன்னோடு இருந்த டியோனிசியஸும் கோஸ் தீவைச் சேர்ந்த நிக்கியாஸும் பிரேயஸை நகரமென்று கருதவில்லை என்று சாட்சிக்கு அழைக்கிறார். பிறகு பழைய நாடகாசிரியர்களிடம் போகிறார். கேசிலியஸின் ஒரு வரியில் 'இன்' வருவதைச் சொல்லி, அவர் நல்ல லத்தீனுக்கு ஆதாரமாகமாட்டார் என்று தானே ஒதுக்கிவிட்டு, டெரன்ஸின் நாடகத்தில் இளைஞர்கள் சிலர் பிரேயஸில் கூடினார்கள் என்று வரும் வரியைக் காட்டுகிறார். அங்கேயும் 'இன் பிரையும்'தான். அதே டெரன்ஸ், ஏதென்ஸ் நாட்டின் தென்முனையிலுள்ள 'சூனியம்' என்ற ஊரிலிருந்து என்னும்போதும் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார். இறுதியாக வாதத்தின் முத்தாய்ப்பு வருகிறது: டெமோஸ்களை எல்லாம் நகரமென்று கொள்வதானால், பிரேயஸ் எவ்வளவு நகரமோ சூனியமும் அவ்வளவு நகரம்தான். அதன் பிறகு, நீதான் இலக்கண அறிஞன் ஆயிற்றே, இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தால் பெரிய தொல்லையிலிருந்து என்னை விடுவித்தவனாவாய் என்று நண்பரையே கேட்டு முடிக்கிறார்.

டெமோஸ் என்றால் என்ன என்று சொல்லாமல் இந்த வாதத்தை எடை போட முடியாது. கி.மு. 508-507 வாக்கில் கிளெய்ஸ்தெனீஸ் செய்த சீர்திருத்தத்தில், ஏதென்ஸ் நாடு முழுவதும், அதாவது அட்டிகா நிலப்பரப்பு முழுவதும், ஊர்களும் நகரத்துத் தெருப்பகுதிகளும் டெமோஸ் என்ற உள்ளூர்ப் பிரிவுகளாகப் பதிவாயின. மொத்தம் 139 என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் கணக்கு. ஒவ்வொரு குடிமகனும் ஏதோ ஒரு டெமோஸின் பதிவேட்டில் இருந்தான். பிரேயஸ் ஹிப்போதோந்திஸ் என்ற குலப்பிரிவுக்குள் வந்த ஒரு டெமோஸ். பொசைடன் கோயில் நிற்கும் தென்முனையான சூனியமும் ஒரு டெமோஸ். பதிவேட்டின்படி பார்த்தால் இரண்டும் ஒரே தரம்தான். சிசெரோ சொன்னது சரி. ஆனால் சூனியத்தையும் பிரேயஸையும் நேரில் கண்ட எவரும் இரண்டையும் ஒரே தராசில் வைக்கமாட்டார்கள்.

பெயரின் வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய கிரேக்கத்தில் அந்த ஊர் பெய்ராயெயுஸ். 'எயுஸ்' என்ற இறுதி கிரேக்கத்தில் பெரும்பாலும் ஆளைக் குறிக்கும். அரசன் 'பசிலெயுஸ்', பூசாரி 'ஹியெரெயுஸ்', மெகாரா ஊர்க்காரன் 'மெகரெயுஸ்'. ஆகவே பெய்ராயெயுஸ் என்பது கேட்ட மாத்திரத்தில் 'பெய்ராய்க்காரன்' என்பது போலத்தான் ஒலித்திருக்கும். உண்மையிலும் அந்த டெமோஸைச் சேர்ந்த குடிமகனுக்கும் அதே சொல்தான் அடையாளப் பெயர். ஊருக்கும் ஊர்க்காரனுக்கும் ஒரே சொல் வழங்கும் இந்த நிலை அட்டிகாவிலேயே அபூர்வம். இடத்தின் பெயராகத் தன் காலில் நிற்காமல், எதையோ சார்ந்த பெயராகத் தோன்றும் இந்த வடிவம் ஊரின் தலையெழுத்துக்குப் பொருந்தியே இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த வேர்ச்சொல்லுக்குப் பழங்காலத்தவர் சொன்ன பொருள் 'அக்கரை'. பிரேயஸ் ஒரு காலத்தில் தீவாக இருந்தது, கரைக்கு அப்பால், அதாவது 'பெரான்' கிடந்ததால் இந்தப் பெயர் பெற்றது என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். வெகுகாலம் இதை ஒரு பெயர்க்கதை என்றுதான் எல்லோரும் ஒதுக்கிவைத்தார்கள். பிரேயஸுக்கும் ஏதென்ஸுக்கும் இடையிலுள்ள சமவெளியில் துளையிட்டு மண்ணடுக்குகளை எடுத்து ஆராய்ந்தவர்கள் 2011 இல் வெளியிட்ட முடிவு, ஸ்ட்ராபோவின் பக்கம் சாய்ந்தது. பனிக்காலத்துக்குப் பின் கடல் மட்டம் உயர்ந்தபோது, ஏறக்குறைய கி.மு. 4800 முதல் 3400 வரை, பிரேயஸின் பாறைக் குன்றுகள் உண்மையிலேயே கடல் சூழ்ந்த தீவாக இருந்தன. பிறகு கெஃபிஸோஸ் முதலான ஆறுகள் கொண்டுவந்த வண்டல் அந்த நீர்ப்பரப்பைக் காயலாக்கி, சதுப்பாக்கி, கடைசியில் நிலமாக்கியது. பழைய ஏதென்ஸ்காரர்கள் அந்தத் தாழ்நிலத்தை 'ஹாலிபெடோன்', அதாவது உப்புவெளி, என்று அழைத்தார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய தீவு ஸ்ட்ராபோ காலம் வரை மக்கள் நினைவில் தங்கியிருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்த உப்புச் சதுப்பைப் பார்த்துவிட்டு, இங்கே கடல் இருந்திருக்க வேண்டும் என்று யாரோ சரியாக ஊகித்திருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இனி இந்தப் பெயரைக் கிரேக்கர்கள் எப்படி வழங்கினார்கள் என்று பார்ப்போம். 'பிரேயஸுக்கு' என்பது அட்டிக் வழக்கில் 'எய்ஸ் பெய்ராயா'. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் முதல் வாக்கியத்தில், நேற்று பிரேயஸுக்கு இறங்கிப் போனேன் என்று சாக்ரடீஸ் தொடங்குவது இந்தச் சொற்களோடுதான். இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 'இறங்கி' என்ற வினை. ஏதென்ஸிலிருந்து பிரேயஸுக்கு இறங்குவார்கள், பிரேயஸிலிருந்து ஏதென்ஸுக்கு ஏறுவார்கள். மற்றொன்று, 'எய்ஸ்'. கிரேக்கத்தில் ஊரானாலும் இடமானாலும் 'எய்ஸ்' சேர்த்துச் சொல்வது இயல்பு. லத்தீனின் பாகுபாடு அங்கே இல்லை. 'இன் பிரையெயா' என்று சிசெரோ எழுதியதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். வேற்றுமை முடிவு கிரேக்கம் என்று அவரே ஒப்புக்கொண்டார். முன்னால் வரும் 'இன்' கூடக் கிரேக்க 'எய்ஸ்'தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கப்பலிலிருந்து இறங்கி, சுற்றிலும் கிரேக்கம் ஒலிக்கும் துறையில் கடிதத்தை வாங்கிக்கொண்டு, மறுநாள் ஏதென்ஸில் உட்கார்ந்து எழுதியவரின் பேனாவில் ஒரு முழுக் கிரேக்கத் தொடர் ரோமன் எழுத்தில் இறங்கிவிட்டது. டெரன்ஸும் நிக்கியாஸும் பிறகு தேடிப்பிடித்த சாட்சிகள். ஆறு ஆண்டு கழித்து, கி.மு. 44 இல், கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஏஜினா தீவு பிரேயஸுக்கு மிக நெருக்கமாக அச்சுறுத்திக்கொண்டிருந்தது என்று சொல்ல வந்தபோது, அவர் ஒழுங்காக லத்தீன் முடிவையே போட்டார். அட்டிகஸின் திருத்தம் மறக்கப்படவில்லை.

ஏதென்ஸ்காரர்களின் பேச்சில் பிரேயஸுக்கு எதிர்ச்சொல்லாக நின்றது 'ஏதென்ஸ்' என்ற பெயரில்லை, 'அஸ்டு' என்ற சொல். மதிலுக்குள் இருக்கும் நகர்ப்பகுதி என்பது அதன் பொருள். நாடு முழுவதற்கும் 'போலிஸ்' என்ற ஒரே அரசுதான் உண்டு. அந்தப் போலிஸுக்குள் அஸ்டு ஒரு முனை, பிரேயஸ் மறுமுனை. கி.மு. 404 இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்ற பிறகு முப்பதுபேர் ஆட்சி நகரத்தைப் பிடித்துக்கொண்டது. த்ராசிபுலஸின் தலைமையில் திரும்பி வந்த மக்களாட்சித் தரப்பு பிரேயஸின் முனிக்கியா குன்றைக் கைப்பற்றி, 403 இல் அங்கே நடந்த சண்டையில் முப்பதுபேரின் தலைவன் கிரிட்டியாஸைக் கொன்றது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நீதிமன்ற உரைகளில் 'அஸ்டுவைச் சேர்ந்தவர்கள்', 'பிரேயஸைச் சேர்ந்தவர்கள்' என்ற தொடர்கள் கட்சிப் பெயர்களாகவே வழங்கின. ஒருவன் பிரேயஸ் பக்கம் இருந்தான் என்றால் மக்களாட்சிக்காகப் போராடினான் என்று பொருள். அஸ்டுவில் வாழ்கிறவர்களைவிட பிரேயஸில் வாழ்கிறவர்களுக்கு மக்களாட்சிப் பற்று அதிகம் என்று அரிஸ்டாட்டிலும் பின்னாளில் எழுதினார். ஒரு நாட்டுக்குள் ஓர் இடத்தின் பெயர் அரசியல் நிலைப்பாட்டின் பெயராகவே ஆகிவிட்டதென்றால், அதைச் சூனியத்தோடு சேர்த்து வெறும் டெமோஸ் என்று எப்படிச் சொல்வது?

நிர்வாகத்திலும் இந்த இரட்டை முகம் தெளிவாகத் தெரிகிறது. ஏதென்ஸின் அரசமைப்பை விவரிக்கும் அரிஸ்டாட்டில் பள்ளி நூலின்படி, தெருக்களைப் பார்த்துக்கொள்ளும் பத்து அதிகாரிகளில் ஐந்து பேர் அஸ்டுவுக்கும் ஐந்து பேர் பிரேயஸுக்கும் ஒதுக்கப்பட்டனர். சந்தைக்கும் அப்படியே, அளவைகளுக்கும் அப்படியே. தானியக் காவலர்கள் முதலில் ஐந்தும் ஐந்துமாக இருந்து, பிறகு அஸ்டுவுக்கு 20, பிரேயஸுக்கு 15 என்று ஆனார்கள். மற்ற டெமோஸ்களின் தலைவர் உள்ளூர் விவகாரம். பிரேயஸின் தலைவரை மட்டும் ஏதென்ஸ் அரசே சீட்டுக் குலுக்கி நியமித்தது. கடல்வழி வந்து தானியச் சந்தையில் இறங்கும் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கை வணிகர்கள் அஸ்டுவுக்குக் கொண்டுபோயாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதற்கே தனி அதிகாரிகள் இருந்தார்கள். அந்த விதியைப் படிக்கும்போது நிலைமை பளிச்சென்று விளங்குகிறது. கட்டாயப்படுத்தாவிட்டால் தானியம் பிரேயஸிலேயே விற்றுப்போகும் அளவுக்கு அங்கே வாங்குவோர் கூட்டம் இருந்தது.

இத்தனைக்கும் அந்த ஊர் நூறு ஆண்டுக்குள் எழுந்தது. ஏதென்ஸின் அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளீஸுக்கு முன்னால் அது ஒரு டெமோஸாக இருந்தது, துறைமுகமாக இல்லை என்று பழங்காலப் பயண நூலாசிரியர் பவுசானியஸ் சொல்கிறார். அதுவரை ஏதென்ஸ்காரர்கள் கிழக்கே ஃபலேரோன் விரிகுடா மணலில்தான் கப்பலை இழுத்துப்போட்டார்கள். கி.மு. 493-492 இல் ஆட்சித்தலைவராக இருந்தபோது தெமிஸ்டோக்ளீஸ் இயற்கையாகவே மூன்று துறைகள் அமைந்த இந்தத் தீபகற்பத்தில் அரண் கட்டத் தொடங்கினார். பெரிய துறை காந்தரோஸ், போர்க்கப்பல்களுக்கான சேயா, சிறிய முனிக்கியா. மிலேட்டஸ் நகரத்து ஹிப்போடாமஸ் வீதிகளை நேர்கோட்டில் வகுத்துக் கொடுத்தார். அங்கிருந்த சந்தைக்கு அவர் பெயரே நிலைத்தது. முனிக்கியாவையும் சேர்த்து பிரேயஸின் மதிற்சுற்று 60 ஸ்டேடியம், ஏறத்தாழ 11 கிலோமீட்டர், என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் கணக்குச் சொல்கிறார். கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடற்படைக் கணக்குக் கல்வெட்டுகளில் கப்பல் கொட்டகைகள் சேயாவில் 196, முனிக்கியாவில் 82, காந்தரோஸில் 94 என்று பதிவாகியிருக்கின்றன, மொத்தம் 372. இவற்றையெல்லாம் அஸ்டுவோடு இணைத்தவை நெடுஞ்சுவர்கள். ஒவ்வொன்றும் சுமார் ஏழு கிலோமீட்டர் நீளம். அந்தச் சுவர்கள் நின்ற வரையில் பிரேயஸ் தனி ஊராக இருக்கவே முடியாது, அஸ்டுவும் பிரேயஸ் இல்லாமல் பிழைக்க முடியாது.

பிரேயஸில் கிடைத்த ஓர் எல்லைக்கல்லைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் அட்டிக் எழுத்தில் அதில் மொத்தமே நான்கு சொற்கள்தான்: வணிகத்துறைக்கும் தெருவுக்கும் எல்லை. அந்தக் கல்லுக்கு ஒரு பக்கம் 'எம்போரியோன்', அயல்நாட்டுச் சரக்கு இறங்கிக் கைமாறும் துறைப்பகுதி. மறுபக்கம் குடியிருப்புத் தெரு. சுங்கவரி ஐம்பதில் ஒரு பங்கு. அந்தச் சிறு கல் நகரத்துக்கும் துறைக்கும் நடுவே கோடு போட்டிருக்கிறது, ஆனால் அந்தக் கோடு ஓடுவது பிரேயஸுக்குள்ளேயே. அதாவது சிசெரோ சொன்ன 'இடம்' அங்கே ஒரு பகுதி, அட்டிகஸ் சொன்ன 'நகரம்' இன்னொரு பகுதி. இருவரும் தங்கள் வழக்கை அந்தக் கல்லின் முன் வைத்திருந்தால் பாதிப் பாதி வென்றிருப்பார்கள்.

ஆள்களைக் குறிக்கும் வழக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இதைத் தமிழாக்கத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். டெமோஸ் அடையாளம் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. குடியிருப்பு மாறினாலும் அது மாறாது. ஆகவே 'பெய்ராயெயுஸ்' என்று அழைக்கப்பட்டவன் அட்டிகாவின் எந்த மூலையிலும் வாழ்ந்திருக்கலாம். அதே நேரத்தில் பிரேயஸில் உண்மையாக வாழ்ந்தவர்களில் பெரும்பகுதியினர் அந்த டெமோஸைச் சேராதவர்கள், பலர் குடியுரிமையே இல்லாத வெளிநாட்டார். அத்தகைய வெளிநாட்டாரைக் கல்வெட்டுகள் 'எம் பெய்ராயெய் ஓய்கோன்', பிரேயஸில் வசிப்பவர், என்று குறிக்கின்றன. 'என்' என்ற சொல்லின் கடைசி எழுத்து அடுத்து வரும் பகரத்தால் 'எம்' என்று திரிந்திருப்பதைப் பாருங்கள். கல்லில் வெட்டியவன் காதில் கேட்டபடியே வெட்டியிருக்கிறான். சிசிலித் தீவின் சிரகூஸிலிருந்து வந்து குடியேறிய கெஃபாலோஸ் அப்படி வசித்தவர்; பிளேட்டோவின் உரையாடல் நடப்பது அவருடைய குடும்பத்தார் வீட்டில்தான். சைப்ரஸ் தீவின் கிதியோன் நகரத்து வணிகர்கள் அங்கே ஆஃப்ரோடைட்டிக்குக் கோயில் கட்டிக்கொள்ள கி.மு. 333-332 இல் ஏதென்ஸ் மன்றம் நிலம் வாங்க அனுமதித்தது. எகிப்தியருக்கு ஐசிஸ் கோயில் விஷயத்தில் முன்பே அந்த உரிமை தரப்பட்டிருந்தது. எனவே 'பிரேயஸ்காரன்' என்றும் 'பிரேயஸ்வாசி' என்றும் இரண்டு சொற்களை வேறுபடுத்தி ஆளுவது நல்லது. முன்னது பதிவேடு, பின்னது வாழ்க்கை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மாசிடோனியப் படை முனிக்கியாவில் குந்தியிருந்தபோது, அஸ்டு விடுதலை பெற்ற பிறகும் பிரேயஸ் அந்நியர் கையிலேயே இருந்தது. அந்தக் காலத்து ஏதென்ஸ் தீர்மானம் ஒன்று, ஒருவருக்குத் தரவேண்டிய கூடுதல் மரியாதையை 'பிரேயஸும் அஸ்டுவும் ஒன்றாகும்போது' தருவதாகத் தள்ளிவைக்கிறது. 229 இல்தான் அது நடந்தது. அந்தத் தொடரில் ஏக்கம் இருக்கிறது. பிரிந்து கிடந்தபோதும் அதை வேறு நகரமென்று அவர்கள் எண்ணவில்லை, தங்கள் உடம்பின் பாதியென்றே எண்ணினார்கள்.

இனிச் சிசெரோ நேரில் கண்ட பிரேயஸுக்கு வருவோம், ஏனென்றால் அட்டிகஸின் திருத்தத்தை எடைபோட அது தேவை. கி.மு. 87-86 இல் ரோமானியத் தளபதி சுல்லா ஏதென்ஸையும் பிரேயஸையும் முற்றுகையிட்டார். நெடுஞ்சுவர்களின் கல்லையும் மரத்தையும் மண்ணையும் எடுத்தே முற்றுகை மேட்டைக் கட்டினார் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். பிரேயஸ் விழுந்ததும் அதைக் கொளுத்தினார். ஃபிலோன் என்ற கட்டடக்கலைஞர் எழுப்பிய 400 அடி நீளக் கப்பற்கருவிக் கிடங்கும் அதோடு போயிற்று. சிசெரோ இறங்கியபோது அதற்கு 36 ஆண்டு ஆகியிருந்தது. துறைகளையும் சேயுஸ் சோட்டேர் கோயிலையும் சுற்றிச் சில வீடுகளே மிஞ்சியிருந்தன என்பது ஸ்ட்ராபோவின் சித்திரம். அந்த நிலையில் அதை நகரமென்று சொல்ல மனம் வராததில் வியப்பில்லை.

ஆனால் ஐந்தே ஆண்டில் அதற்கு எதிரான சான்று சிசெரோவின் கைக்கே வந்தது. கி.மு. 45 இல் அவருடைய மகள் துல்லியா இறந்தபோது, கிரேக்கத்தை ஆண்டுகொண்டிருந்த சட்ட அறிஞர் செர்வியஸ் சல்பிசியஸ் ஆறுதல் கடிதம் எழுதினார். ஏஜினாவிலிருந்து மெகாராவை நோக்கிக் கடலில் போகும்போது பின்னால் ஏஜினா, முன்னால் மெகாரா, வலப்பக்கம் பிரேயஸ், இடப்பக்கம் கொரிந்து என்று நான்கையும் பார்த்ததாகவும், ஒரு காலத்தில் செழித்திருந்த அந்த 'ஓப்பிடங்கள்' இப்போது இடிந்து கண்முன் கிடப்பதாகவும், அதைக் கண்டு தன் துயரம் தணிந்ததாகவும் எழுதினார். 'ஓப்பிடும்' என்பதுதான் இலக்கண விதியில் நகரத்தைக் குறிக்கும் சொல். சிசெரோ அட்டிகஸிடம் மறுத்த அதே சொல்லை, லத்தீனில் தேர்ந்த இன்னொருவர் பிரேயஸுக்கு இயல்பாகச் சூட்டிவிட்டார். கடலிலிருந்து பார்ப்பவருக்குப் பிரேயஸ் தனியாகத்தான் தெரியும். ஏதென்ஸோடு கட்டிப்போட்டிருந்த சுவர்களும் போய்விட்டன. கொரிந்துக்கும் மெகாராவுக்கும் சமமாக அது வரிசையில் நிற்பதற்கு முதன்முறையாகத் தடையேதும் இல்லை, அதுவும் இடிபாடாக.

ஆகவே என் தீர்ப்பு இது. அரசியல் நிலையைக் கொண்டு பார்த்தால் பிரேயஸ் ஒருபோதும் தனிப் போலிஸாக இருந்ததில்லை, அந்த அளவில் சிசெரோவின் 'இன்' செல்லும். வாழ்க்கையைக் கொண்டு பார்த்தால் கிரேக்க உலகின் பல போலிஸ்களைவிட அது பெரிய நகரம். அட்டிகஸ் ஏதென்ஸில் நெடுங்காலம் வாழ்ந்தே 'அட்டிகஸ்', அதாவது அட்டிகாக்காரர், என்ற பெயரைப் பெற்றவர், அவர் காதுக்கு 'இன்' இடறியதும் நியாயம். சூனியத்தைக் காட்டி வாதாடியது மட்டும் வழக்கறிஞரின் சாமர்த்தியம்.

பின்னாளைய பெயர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இடைக்காலத்தில் பழைய பெயர் மாலுமிகளின் வாயிலிருந்து மறைந்தே போனது. துறைமுகத்தில் நின்ற பெரிய பளிங்குச் சிங்கத்தை வைத்து இத்தாலியர் அதை 'போர்ட்டோ லியோனே', சிங்கத்துறை, என்றனர். துருக்கியர் 'அஸ்லான் லிமான்' என்றதும் அதே பொருளில்தான். வெனிஸ் தளபதி மொரோசினி 1687 இல் தொடங்கிய படையெடுப்பின்போது அந்தச் சிங்கத்தையே எடுத்துப்போய்விட்டார். வெனிஸ் ஆயுதசாலை வாசலில் இன்றும் அது உட்கார்ந்திருக்கிறது. பைசாந்தியப் படையில் வேலை பார்த்த வட ஐரோப்பிய வீரர்கள் கீறிய ரூன் எழுத்துகள் அதன் தோள்களில் தெரிகின்றன. 1834 இல் ஏதென்ஸ் புதிய கிரேக்க அரசின் தலைநகரானது. அடுத்த ஆண்டு துறைமுகத்தில் நகராட்சி அமைந்தபோது பழைய பெயர் மீட்கப்பட்டது. இன்று பேச்சில் அது 'பிரெயாஸ்'; ஆறாம் வேற்றுமையில் 'பிரெயா'. ஆனால் ஏதென்ஸின் ஓமோனியா சதுக்கத்திலிருந்து துறைமுகத்தை நோக்கி ஓடும் சாலைக்குப் பெயர் 'பிரெயோஸ்', அதாவது பழைய அட்டிக் ஆறாம் வேற்றுமை வடிவம். 1925 இல் தொடங்கிய ஒலிம்பியாகோஸ் விளையாட்டுக் கழகத்தின் முழுப்பெயரும் அந்த வடிவத்தில்தான் முடிகிறது. பழைய இலக்கணம் படிக்காத பேருந்து ஓட்டுநரும் அந்த வேற்றுமையைப் பிழையில்லாமல் சொல்கிறார்.

தமிழ் எழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 'பைரீயஸ்' என்பது ஆங்கிலேயர் வாய்வழி வந்த ஒலி, அதைத் தவிர்க்கலாம். பழைய கிரேக்க ஒலியை அப்படியே எழுத முயன்றால் வாசகர் தடுக்கி விழுவார். இக்காலத் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது 'பிரெயாஸ்' பொருத்தம். பழங்கால ஊருக்கு நான் 'பிரேயஸ்' என்றே எழுதுகிறேன்; இரண்டு ஒலிக்கும் நடுவில் நிற்கிறது, 'பிரேயஸில்', 'பிரேயஸுக்கு' என்று வேற்றுமை ஏற்கும்போதும் தடையில்லை.

உங்கள் மொழிபெயர்ப்பில் மட்டும் ஒரு யோசனை. அக்டோபர் கடிதத்தில் 'பிரேயஸில் இறங்கியதும்' என்று எழுதிவிட்டால், டிசம்பர் கடிதத்தில் வரும் சண்டை எதைப் பற்றியது என்று தமிழ் வாசகருக்குப் புரியாது. நமக்கு ஊரையும் இடத்தையும் பிரித்துக்காட்ட உருபு இல்லை, ஆனால் சொல் இருக்கிறது. முதல் கடிதத்தில் 'பிரேயஸ் துறையில் இறங்கியதும்' என்று எழுதுங்கள். இரண்டாம் கடிதத்தில், 'துறை' என்ற சொல் எதற்கு, 'பிரேயஸில்' என்றாலே போதாதா என்று அட்டிகஸ் கேட்டதாக அமைத்துவிடலாம்.